ஆர்.சி.யும் பாலிசியும்

லாரி கேபினில் டிரைவரின் தலைக்கு மேலுள்ள பெட்டியானாலும், காரின் டேஷ்போர்டு அறையானாலும், பதிவுச் சான்றான ஆர்.சி.யும் காப்பீட்டுச் சான்றான பாலிசியும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள்தான் கிடக்கும். வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் அதிகாரியும் இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்பார். இரண்டிலும் அதே 17 இலக்கச் சேஸி எண், அதே எஞ்சின் எண், அதே பெயர், அதே முகவரி. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதியதுபோல் இருக்கும். பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வண்டி கைமாறும்போதும், அதில் ஏதேனும் ஒன்றை மாற்றிப் பொருத்தும்போதும், அது எங்காவது மோதிவிடும்போதும் இந்த இரட்டையர் திடீரென்று வெவ்வேறு பாஷை பேசத் தொடங்குகிறார்கள். வண்டி வைத்திருப்பவர்களின் எரிச்சலில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுபட்ட வாதம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எடுபடாது. இன்சூரன்ஸ் சர்வேயர் கண்டுகொள்ளாத மாற்றத்தை, தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்ப்போம். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது நோக்கமன்று. ஒரே வண்டியைப் பார்க்கும் இரண்டு கண்களுக்கும் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதே கேள்வி.

வயதில் ஆர்.சி. மூத்தது. இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம், 1904 ஜனவரி முதல் வண்டிகளுக்குப் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கியது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்க அதே நாடு 1930 வரை எடுத்துக்கொண்டது. இந்தியாவிலும் வரிசை மாறவில்லை. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை வரை நடைமுறைக்கு வராமல் காத்திருந்தது. அரசுகளை முதலில் உறுத்திய கேள்வி, இடித்துவிட்டுப் போனது யார் என்பது. அதற்கு நம்பர் பிளேட் விடையானது. ஆள் அகப்பட்ட பிறகு எழுந்த கேள்வி, அவரிடம் கொடுக்கக் காசில்லையென்றால் என்ன செய்வது என்பது. அதற்குப் பாலிசி விடையானது. இன்று நாம் பின்பற்றும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் முதல் கேள்வி 39-ஆம் பிரிவிலும் இரண்டாவது கேள்வி 146-ஆம் பிரிவிலும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு கேள்விகளையும் கேட்பவர் ஒருவரே. அவர் வண்டிக்காரர் அல்லர். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

வண்டியின் உரிமையாளர் யார்? பணத்தைக் கொடுத்து, சாவியை வாங்கி, டீசல் போட்டு ஓட்டுபவர் என்றுதான் ஊர் சொல்லும். 1939 சட்டத்தின் வரையறை அந்த ஊர்ப்பேச்சுக்குக் கொஞ்சம் இடம் வைத்திருந்தது. 1988 சட்டம் வைக்கவில்லை. எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2(30) பிரிவு முடித்துவிட்டது. இதன் விளைவை இரண்டு வழக்குகளில் எதிரெதிராகப் பார்க்கலாம்.

முதல் வழக்கில் ஒரு கார் 2007-இல் விற்கப்பட்டு, அதன்பின் ஒவ்வொரு கையாக மாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யை மாற்றுவதற்கு மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்தை ஏற்படுத்தியது. யார் இழப்பீடு கொடுப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, காரை விற்று ஆண்டுகள் கடந்துபோன முதல் உரிமையாளரையே பொறுப்பாக்கியது. பாதிக்கப்பட்டவர் கைமாறிய சங்கிலியைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஆர்.சி.யைப் பார்த்தால் போதும் என்பது அதன் சாரம்.

இரண்டாவது வழக்கில் ஒரு லாரி. உரிமையாளர் 2008-இலேயே அதை விற்க ஒப்பந்தம் போட்டுக் கொடுத்துவிட்டார், ஆர்.சி.யும் பாலிசியும் அவர் பெயரிலேயே நின்றன. 2011-இல் ராய்ப்பூரிலிருந்து தன்பாத் செல்லும் வழியில் லாரி ஆற்றில் விழுந்தது. விற்றுவிட்ட வண்டிக்கு உமக்கென்ன நட்டம் என்று கேட்டு, காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதே 2(30) பிரிவைக் கையில் எடுத்தது. ஆர்.சி. மாறாத வரை உரிமையாளர் இவரே, ஆகவே நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்றது. விதி ஒன்றுதான். பெயர் மாற்றாமல் விட்ட அலட்சியமும் ஒன்றுதான். ஒருவருக்கு அது பற்றில் எழுதப்பட்டது, மற்றவருக்கு வரவில் எழுதப்பட்டது. இரண்டாவது வழக்கைக் கேள்விப்பட்டு, பெயர் மாற்றாமல் இருப்பதே இலாபம் என்று கணக்குப் போடுபவர் முதல் வழக்கை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

விற்பனையின்போது இரண்டு தாள்களும் எப்படி நகர்கின்றன என்று பார்த்தால் அங்கே ஒரு விசித்திரமான ஒற்றுமை தெரியும். விற்றவர் அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 14 நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியில் மாற்றம் செய்தால் ஆர்.சி.யில் ஏற்ற 14 நாள். வண்டி ஓடவே முடியாதபடி அழிந்துபோனால் அதைத் தெரிவிக்கவும் 14 நாள். யாருக்கு எந்த 14 நாள் என்று குழம்பியே பலர் எல்லாவற்றையும் தவறவிடுகிறார்கள்.

ஒற்றுமை நாள் கணக்கோடு நின்றுவிடுகிறது. கைமாறிய வண்டியின் ஆர்.சி. தானாக மாறாது, கையெழுத்திட்ட 29-ஆம் படிவமும் 30-ஆம் படிவமும் வேண்டும். பாலிசியோ தானாக மாறும், ஆனால் பாதி மட்டும். 157-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு சேர்ந்து புதியவரிடம் போய்விட்டதாகவே கருதப்படும். வாங்கியவரின் சொந்தச் சேதத்துக்கான பகுதி அப்படிப் போகாது. நிறுவனம் ஒப்புக்கொண்டு பெயரை ஏற்றினால்தான் உண்டு. புதிதாக வாங்கிய பழைய காரை மூன்றாம் வாரம் ஒருவர் சுவரில் மோதினால், சுவரின் சொந்தக்காரருக்குப் பணம் கிடைக்கும், கார்க்காரருக்குக் கிடைக்காது. சட்டத்தின் தாராளம் யார் பக்கம் சாய்கிறது என்பதை இங்கே முதல்முறையாக நேரில் பார்க்கிறோம்.

இந்த நகர்வில் ஓர் இடத்தில் இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு. ஆர்.சி. மாற்ற நடப்பிலுள்ள இன்சூரன்ஸ் வேண்டும் என்பார்கள் இங்கே. இன்சூரன்ஸில் பெயர் மாற்றப் புதிய ஆர்.சி. கொண்டு வாருங்கள் என்பார்கள் அங்கே. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். பழகிய புரோக்கர்கள் பழைய பாலிசியையே நடப்பில் வைத்து முதலில் ஆர்.சி.யை மாற்றிவிடுகிறார்கள், படிவத்தின் ஒப்புகைச் சீட்டோடு பாலிசிக்குப் போகிறார்கள். இதைத் தெரிந்துகொள்வதற்காகவே பலர் புரோக்கருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

வண்டியோடு ஒட்டிக்கொண்டிருப்பவை எவை, ஆளோடு போகிறவை எவை? பதிவு எண் வண்டியின் சொத்து. ஆள் மாறினாலும் அது மாறுவதில்லை. கிளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்கான போனஸ் ஆளின் சொத்து. வண்டி மாறினாலும் அவரோடு போய்விடும். முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதத்தில் நிற்கும் அந்தச் சலுகையை விற்றவர் தன் அடுத்த வண்டிக்கு எடுத்துச் செல்லலாம். வாங்கியவர் பழைய பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றும்போது அந்தச் சலுகைக்குரிய தொகையைக் கட்டியாக வேண்டும். வண்டியின் கடந்தகாலம் ஆர்.சி.யில் இருக்கிறது, ஓட்டியவரின் கடந்தகாலம் பாலிசியில் இருக்கிறது. கடன் கொடுத்த வங்கி மட்டும் இரண்டிலும் குடியிருக்கிறது. கடன் தீர்ந்ததும் 35-ஆம் படிவத்தோடு போய் ஆர்.சி.யில் எச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்குகிறோம், பாலிசியில் நீக்க மறந்துவிடுகிறோம். பிறகு கிளெய்ம் வந்தால், என்றோ கணக்கு முடித்த வங்கியிடம் போய் மறுபடியும் ஒரு கடிதம் கேட்க வேண்டியிருக்கிறது.

இதுவரை பெயரைப் பற்றியே பேசினோம். வண்டியின் உடம்பைப் பற்றிப் பேச நாமக்கல்லுக்குப் போவது பொருத்தம். லாரியைச் சேஸியாக வாங்கி, தற்காலிகப் பதிவோடு ஓட்டிவந்து, இங்கே பாடி கட்டி, நிரந்தரப் பதிவுக்குக் கொண்டு போவது நீண்டகால வழக்கம். சற்றுத் தள்ளியுள்ள திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் உருவாகின்றன. இரண்டு ஊரிலும் ஒரு வண்டி, தொழிற்சாலையிலிருந்து வந்த பின்னும் பிறந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பிறப்பை இரண்டு தாள்களும் எப்படிக் குறித்துக்கொள்கின்றன?

ஆர்.சி.க்குப் பாடி என்பது அளவு. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டவில்லையா, வெற்று எடை எவ்வளவு, மொத்த எடை எவ்வளவு, பாடி கட்டியவர் 22-ஏ படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பார்க்கும். பாலிசிக்குப் பாடி என்பது விலை. தேக்கா இரும்பா, எத்தனை இலட்சம் என்று மட்டும் கேட்கும். சேஸி வாங்கிய அன்று ஷோரூமில் போட்ட பாலிசி சேஸியின் விலைக்கு மட்டுமானது. பாடி கட்டி முடித்தபின் அதன் மதிப்பைச் சேர்க்கச் சொல்லி எழுதித் தர வேண்டும். எழுதித் தராதவருக்கு ஆர்.சி.யில் முழு லாரி இருக்கும், பாலிசியில் முகமும் சக்கரமும் மட்டும் இருக்கும். லாரி கவிழ்ந்தால் பெரிய சேதம் பாடிக்குத்தான் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரிக் வண்டியில் இந்தப் பிளவு இன்னும் வேடிக்கையாகிறது. ஆர்.சி.யின் பார்வையில் அது ஒரே பொருள்: எந்திரம் ஏற்றிய வண்டி. காப்பீட்டின் பார்வையிலோ அது சாலையில் ஓடும்போது வண்டி, காட்டில் காலூன்றித் துளைபோடும்போது கருவி. கருவியாக வேலை செய்துகொண்டிருக்கையில் கவிழ்ந்தால் அந்தச் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று, கிரேனுக்கும் ரிக்குக்கும் பொருந்தும் பிற்சேர்க்கை ஒன்று பாலிசியில் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அந்த விலக்கு நீங்கும். பாலிசியை எடுத்தவர் அந்தப் பக்கத்தைப் படிப்பது பெரும்பாலும் ரிக் சாய்ந்த மறுநாள்தான்.

பதிவான வண்டியில் பிறகு செய்யும் மாற்றங்களை எடுத்துக்கொண்டால், எது யார் கண்ணில் படுகிறது என்பது அழகான கணக்கு. வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி. கவலைப்படும்; பாலிசிக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. விலையுயர்ந்த மியூசிக் சிஸ்டம் போட்டால் பாலிசி கூடுதல் பிரீமியம் கேட்கும், ஆர்.சி.க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேஸ் கிட் மாட்டினால் இரண்டும் விழித்துக்கொள்ளும். ஆர்.சி.யில் எரிபொருள் கட்டம் மாற வேண்டும். பழைய தாரிஃப் வழக்கப்படி பாலிசியில் கிட்டின் மதிப்பில் 4 சதவீதம் சேர்ந்து, மூன்றாம் நபர் பகுதியில் தனியாக 60 ரூபாயும் சேரும். இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் போய், தீப்பிடித்த காரின் கிளெய்மை இழப்பவர்கள் உண்டு.

1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யின் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இறுக்கமாகவே வாசித்தது. மாநில விதிகள் எதைச் சொன்னாலும் தயாரிப்பாளரின் வரையறைக்கு எதிரான மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது என்றது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்பதால், அகன்ற டயரும் உயர்த்திய சஸ்பென்ஷனும் கூடுதல் விளக்குகளுமாக ஜீப்பை அலங்கரிப்பவர் பெருக்கல் வாய்பாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பாலிசியின் பார்வையில் இதே மாற்றங்கள் குற்றமாவதில்லை. சொன்னாயா, சொல்லவில்லையா என்பதே அதன் கேள்வி. ஆர்.சி. அனுமதி கேட்கச் சொல்கிறது, பாலிசி அறிவிக்கச் சொல்கிறது. கேட்கும்போது இந்த வித்தியாசம் சிறிதாகத் தெரியும். நடைமுறையில் பெரிது. சட்டம் தடுத்த மாற்றத்தை நிறுவனத்திடம் அறிவித்து ஆவதென்ன? ஆர்.சி.யில் ஏறாததைப் பாலிசியில் ஏற்ற அவர்கள் மறுப்பார்கள். உண்மையைச் சொல்பவருக்குக் கதவு இல்லை, சொல்லாதவருக்குப் பின்னாளில் கிளெய்ம் இல்லை. வண்டியை நேசித்து மாற்றுபவர்களின் குமுறலில் நியாயம் இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் என்பேன்.

ஆனால் அந்த நியாயத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கப் புல் பார் ஓர் உதாரணம். காரின் முகப்பில் இரும்புக் குழாய்க் காவல் ஒன்றைப் பொருத்துபவர் தன் பம்பரைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறார். சிறிய உரசல்களுக்கு அது உண்மையும்கூட. கிளெய்ம் குறைவதால் காப்பீட்டு நிறுவனம் மகிழ வேண்டியதல்லவா என்று கேட்கத் தோன்றும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றை 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று கூறி, நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் இரண்டு. வேகமான மோதலின் விசையை நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டிய முகப்பை இரும்புக் குழாய் நசுங்க விடாது. ஏர்பேக் விரிவதும் பிசகலாம். அதைவிட, எதிரே நடந்து வருபவர் மேல் மோதும்போது பிளாஸ்டிக் பம்பருக்குப் பதில் இரும்பு மோதும்.

இரண்டு தாள்களும் எதிர்பாராமல் கை கோத்துக்கொள்வது இங்கேதான். ஆர்.சி.க்கான கட்டணத்தையும் பாலிசிக்கான பிரீமியத்தையும் கட்டுபவர் வண்டிக்காரர். இரண்டிலும் அச்சாகியிருப்பது அவர் பெயர். ஆனால் இரண்டும் அவருக்காக எழுதப்பட்டவை அல்ல. சாலையோரம் நடந்துபோகும், இந்த வண்டியோடு எந்த உறவும் இல்லாத, தாள்களைப் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒரு வழிப்போக்கருக்காகவே இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. இடித்தவரை அவர் கண்டுபிடிக்க ஒன்று. கண்டுபிடித்தவரிடமிருந்து பணம் பெற மற்றொன்று. என் வண்டி, என் காசு, என் விருப்பம் என்ற வாதம் இரண்டு மேசையிலும் எடுபடாமல் போவதற்கு, அதிகாரியின் பிடிவாதத்தைத் தாண்டிய இந்தக் காரணமும் உண்டு. பாலிசியில் சொந்தச் சேதத்துக்கான பகுதி மட்டுமே வண்டிக்காரருக்குச் சொந்தம். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

தண்டனையில் இந்த இரட்டையர் மறுபடியும் பிரிகிறார்கள். லாரிக்குக் கூடுதல் பட்டை வைத்து, பலகையை உயர்த்தி, அனுமதித்ததைவிட அதிக பாரம் ஏற்றினால், அரசு 20,000 ரூபாயும் அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கேட்கும். பாரத்தை அங்கேயே இறக்கவும் சொல்லும். அதே பாரத்தோடு விபத்தானால் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி ஓடும். நான்-ஸ்டாண்டர்டு கிளெய்ம் என்ற பெயரில், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதத்துக்கு மிகாமல் கொடுத்துத் தீர்க்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. 2010-இல் உச்ச நீதிமன்றமும் அந்த அணுகுமுறையை ஏற்றது. பிரீமியத்தைக் குறைக்க வண்டியின் சுமைத்திறனைக் குறைத்துக் காட்டியிருந்தால், மூன்றாண்டுப் பிரீமிய வித்தியாசம் அல்லது கிளெய்மில் 25 சதவீதம், இவற்றுள் எது அதிகமோ அது பிடிக்கப்படும். ஆர்.சி.க்கு உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகள். பாலிசிக்கு முக்கால் என்ற மூன்றாவது விடையும் தெரியும்.

சுமைத்திறனைக் குறைத்துக் காட்டும் ஆசை எங்கிருந்து வருகிறது? ஆர்.சி.யின் எடைக் கட்டத்திலிருந்துதான். சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மொத்த எடையைப் பார்த்து விதிக்கப்படுகிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தில் 7,500 கிலோ வரை 16,049 ரூபாய். அதைத் தாண்டி 12,000 கிலோ வரை 27,186 ரூபாய். ஆர்.சி.யில் எடை ஏற ஏறக் கூடுதல் பாரம் ஏற்றும் உரிமை கிடைக்கிறது, அதே ஏற்றத்தில் பிரீமியமும் கூடுகிறது. ஒரு தாளில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் இருக்கும் லாரியே உரிமையாளரின் கனவு. துரதிர்ஷ்டவசமாக இரண்டும் ஒரே கட்டத்தைப் பார்த்தே எழுதப்படுகின்றன.

முதுமையை இரண்டும் எதிர்த்திசையில் அளக்கின்றன. பாலிசியில் வண்டியின் மதிப்பு முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் தேய்ந்து, ஐந்தாம் ஆண்டு முடிவில் பாதிக்கு வந்துவிடும். ஆர்.சி.யிலோ வயது ஏற ஏற விலை கூடும். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. பழைய அம்பாசிடரைப் பாசத்தோடு வைத்திருப்பவருக்கு ஒரு தாள் இது ஒன்றுக்கும் உதவாது என்கிறது. மற்றொன்று இதை வைத்திருக்க அதிகம் கொடு என்கிறது.

ஒரு தாள் மட்டும் உள்ள வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்கத் தமிழ்நாட்டில் தூரம் போக வேண்டாம். அரசுப் பேருந்துகளுக்கு ஆர்.சி. உண்டு. இழப்பீட்டுக்கென ஒரு நிதியை வைத்துக்கொள்ளும் நிபந்தனையோடு, கட்டாயக் காப்பீட்டிலிருந்து 146-ஆம் பிரிவே போக்குவரத்துக் கழகங்களுக்கு விலக்குத் தர இடம் வைத்திருக்கிறது. பணம் தாமதமாகும்போது, இழப்பீடு பெற வேண்டியவர் நீதிமன்றம் போகிறார். அமீனா பேருந்து நிலையத்துக்கு வருகிறார். பேருந்து ஜப்தி என்று மறுநாள் செய்தி வருகிறது. பயணிகள் இறங்கி வேறு பேருந்து தேடுகிறார்கள். தனியார் வண்டி விபத்தில் பாலிசி செய்ய வேண்டிய வேலையை இங்கே பேருந்தே செய்கிறது, நீதிமன்ற வளாகத்தில் நின்றபடி.

இரண்டு தாளும் அகப்படாத நிலையும் உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டியின் எண்ணை யாரும் பார்க்கவில்லையென்றால் ஆர்.சி. இல்லை, ஆர்.சி. இல்லாததால் பாலிசியும் இல்லை. அப்போது கிடைப்பது அரசுத் திட்டத்தின் தொகை: மரணத்துக்கு 2 இலட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் இது 25,000, 12,500 என்று இருந்தது. எண் தெரிந்து, பாலிசியும் இருந்தால், மரணத்துக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் சார்ந்திருந்தவர்களையும் வைத்துத் தீர்ப்பாயம் கணக்கிடும். சேறு பூசி மறைத்த ஒரு நம்பர் பிளேட்டுக்கு என்ன விலை என்பதை இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம் சொல்லிவிடும். டிசைன் எழுத்தில் நம்பர் எழுதுவதைப் பிடித்து அபராதம் போடும் காவலரைக் கண்டால் எனக்கு முன்புபோல் கோபம் வருவதில்லை.

இரண்டு தாள்களும் சாகும் விதத்திலும் வேறுபடுகின்றன. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் பாலிசி வண்டியை டோட்டல் லாஸ் என்று அறிவிக்கிறது. பணம் கைமாறுகிறது, பாலிசி அன்றோடு முடிகிறது. ஆர்.சி. அப்படி முடிவதில்லை. வண்டி அழிந்தது என்று எழுதிக் கொடுத்து, சான்றை ஒப்படைத்து, 55-ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்தால்தான் அதற்கு முடிவு. கசங்கிய வண்டியைப் பழைய இரும்புக்காரருக்குத் தள்ளிவிடும் அவசரத்தில் பலர் ஆர்.சி.யையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். இரும்புக்காரருக்கு இரும்பைவிட அந்தத் தாளே விலை போகும். அதே மாடலில், அதே நிறத்தில் எங்கோ திருடிய வண்டிக்கு இறந்த வண்டியின் சேஸி எண்ணைக் குத்தினால் ஆர்.சி. அதற்குச் சரியாகப் பொருந்திவிடும். அந்த ஆர்.சி.யைக் காட்டி, அடுத்த வாரமே புதிய பாலிசி ஒன்றும் போட்டுவிடலாம். இனி அந்த வண்டி யார் மேலாவது மோதினால், 2(30) பிரிவு பெயரைத் தேடிப் போகும். தன் வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவரின் வீட்டுக்குச் சம்மன் வரும்.